முதிய துடிப்புக் கோளாறு நோயாளியின் ஊட்டச்சத்து மதிப்பெண் என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறோடு வார்டில் சேர்ந்தால் எல்லோர் கண்ணும் மானிட்டர் மேல்தான் இருக்கும். துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை, ரத்தம் உறையாமலிருக்க எந்த மாத்திரை, பக்கவாத அபாயம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்பார்கள். கடந்த ஒரு வாரமாக அவர் எவ்வளவு சாப்பிட்டார், ஆறு மாதத்துக்கு முன் என்ன எடை இருந்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கான இடம் மட்டும் கேஸ் ஷீட்டில் காலியாகவே கிடக்கும்.

மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துப் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒன்றையே காட்டுகின்றன. சேரும்போது ஊட்டச்சத்து மதிப்பெண் (எடை, ரத்தப் பரிசோதனை போன்றவற்றிலிருந்து கணக்கிடும் எண்) குறைவாக இருந்தவர்கள் வார்டிலேயே இறப்பதும், வீடு திரும்பிய பின் சில மாதங்களில் இறப்பதும் அதிகம். வயது, சிறுநீரகச் செயல்பாடு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைவதில்லை. ஆனால் இதிலிருந்து "நன்றாகச் சாப்பிட வைத்தால் பிழைத்துவிடுவார்" என்று நேராக முடிவுக்கு வருவது தவறு. அந்த எண்ணில் பட்டினியும் இருக்கிறது, நோயின் தீவிரமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் வார்டில் என்ன செய்வது என்பது தெளிவாகும். பல நேரங்களில் முதலில் திருத்த வேண்டியது மருந்துச் சீட்டாக இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அதற்கு அடுத்ததுதான்.

துடிப்பு கெட்டால் பசி ஏன் கெடுகிறது

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை. துடிப்பும் வேகமாக இருந்தால், கீழறைகள் நிரம்பப் போதிய நேரம் கிடைக்காது. வலது பக்கம் அழுத்தம் ஏறும்போது கல்லீரலும் குடலும் நீர் கோத்து வீங்குகின்றன. நோயாளி இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பார். வீங்கிய குடல் சத்தைச் சரியாக உறிஞ்சாது. அதன் சுவர் வழியாகப் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள் ரத்தத்தில் கசிந்து அழற்சியைக் கிளப்பும். அழற்சி பசியை அடக்கும், தசையையும் கரைக்கும்.

இதன் மேல் மருந்துகளும் சேர்கின்றன. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சின் அளவு கூடிப்போனால் முதலில் தெரிவது பசியின்மையும் குமட்டலும்தான். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவது என்று பாடத்தில் படித்த அறிகுறிக்காகக் காத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். துடிப்பை ஒழுங்காக்கும் அமியோடரோனின் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது; உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 0.15 மி.கி. மட்டுமே. இதனால் தைராய்டு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். முதியவர்களுக்குத் தைராய்டு கூடினால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் எதுவும் இல்லாமல் வெறும் எடைக் குறைவாகவே அது வெளிப்படலாம். கூடவே கட்டுக்குள் இருந்த துடிப்பு மறுபடி தாறுமாறாகும். அமியோடரோன் எடுப்பவர் காரணம் தெரியாமல் மெலிந்தால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்துவிட்டுத்தான் சத்து பானத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகட்ரான் எடுப்பவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சலும் வயிற்று உபாதையும் வரும். அவர்களும் தாமாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள்.

எதிர்த் திசையிலும் இதே வேகத்தில் கேடு நடக்கிறது. நீர் இறக்கும் மாத்திரைகள் பொட்டாசியம், மெக்னீசியம், தயாமின் (வைட்டமின் பி1) மூன்றையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. வயிறார உண்பவருக்கு அந்த இழப்பு உணவில் ஈடாகிவிடும். அரை வயிறு உண்பவருக்கு ஈடாகாது. மெக்னீசியம் குறைந்திருக்கும்போது எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்காது. அதனால்தான் மூன்று நாளாகப் பொட்டாசியம் சிரப் கொடுத்தும் அளவு 3.2-ஐத் தாண்டவில்லை என்ற புகார் வருகிறது. நீண்ட காலம் அசிடிட்டி மாத்திரை எடுப்பவர்களில் மெக்னீசியம் இன்னும் கீழே போகலாம். ஒமெபிரசோல் வகை மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே இந்த எச்சரிக்கையை வெளியிட்டது. இந்த நிலையில் இசிஜியில் க்யூ.டி. இடைவெளியை (கீழறைகள் ஒவ்வொரு துடிப்புக்கும் எடுக்கும் மின் நேரத்தை) நீட்டும் மருந்து ஒன்று சேர்ந்தால், உயிரைப் பறிக்கும் கீழறைத் துடிப்புக் கோளாறு வர வாய்ப்பு உண்டு. பொட்டாசியத்தை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கு மேலும், மெக்னீசியத்தை டெசிலிட்டருக்கு 2 மி.கி.க்கு மேலும் வைத்திருப்பது துடிப்புக் கோளாறு வார்டுகளில் பொதுவான வழக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முதியோருக்காகவே உருவாக்கப்பட்டு, இதய நோய் ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் குறியீடு ஜி.என்.ஆர்.ஐ. 2005-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தை லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவில் எடுத்து 1.489-ஆல் பெருக்க வேண்டும். இப்போதைய எடையை உகந்த எடையால் வகுத்து 41.7-ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் மதிப்பெண். 98-க்கு மேல் அபாயம் இல்லை. 92 முதல் 98 வரை குறைந்த அபாயம். 82 முதல் 92-க்குள் நடுத்தரம். 82-க்குக் கீழே கடும் அபாயம்.

உகந்த எடைக்கு லாரன்ட்ஸ் சூத்திரம். ஆண்களுக்கு உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 100-ஐக் கழித்து, உயரம் 150-ஐத் தாண்டும் அளவில் நாலில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். பெண்களுக்கு அந்தத் தாண்டும் அளவை 2.5-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். நிற்க முடியாதவருக்கு உயரத்தை எப்படி அளப்பது? முழங்காலை 90 பாகையில் மடக்கி, குதிகாலிலிருந்து முழங்காலுக்கு மேல் தொடை வரை அளந்து கணிக்கலாம். ஆண்களுக்கு அந்த முழங்கால் உயரத்தை 2.02-ஆல் பெருக்கி, வயதை 0.04-ஆல் பெருக்கியதைக் கழித்து, 64.19-ஐக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு 1.83, 0.24, 84.88. கூன் விழுந்த முதுகோடு நிற்க வைத்து அளப்பதைவிட இதுவே நம்பகமானது.

82 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 168 செ.மீ.; ஆக, உகந்த எடை 63.5 கிலோ. கால் இரண்டும் வீங்கி வந்து சேர்கிறார். எடை 64 கிலோ, அல்புமின் லிட்டருக்கு 32 கிராம். எடை உகந்த அளவைத் தாண்டினால் விகிதத்தை 1 என்றே எடுக்க வேண்டும் என்பது விதி. மதிப்பெண் 47.6 கூட்டல் 41.7, அதாவது 89.3. ஐந்து நாள் ஊசி போட்டு நீர் இறங்கிய பின் எடை 57 கிலோ. அல்புமின் மாறவில்லை என்றால் மதிப்பெண் 85.1. ஆனால் நீர் இறங்கும்போது ரத்தமும் கொஞ்சம் செறிவடையும். அல்புமின் 34 ஆகியிருந்தால் மதிப்பெண் 88.1. வீக்கம் எடையைக் கூட்டிக் காட்டியது, அதே நீர் அல்புமினைக் குறைத்துக் காட்டியது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று பாதி மறைத்துக்கொண்டன. சேர்ந்த அன்றைய எண்ணையும் ஐந்தாம் நாள் எண்ணையும் ஒப்பிட்டு "சற்றுக் குறைந்திருக்கிறார்" என்றோ "தேறியிருக்கிறார்" என்றோ எழுதுவதில் அர்த்தமில்லை. அவர் உடம்பில் சதையும் கொழுப்பும் எவ்வளவு என்று சொல்வது நீர் இறங்கிய 57 கிலோதான். அதுதான் அடிப்படை எடை. கேஸ் ஷீட்டில் வட்டமிட்டு எழுத வேண்டிய எண்.

எடை பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், அதே உடை, அதே எடை இயந்திரம். ஒருநாள் நாற்காலி இயந்திரம், மறுநாள் கட்டில் இயந்திரம் என்று மாற்றினால் இரண்டு கிலோ வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அல்புமின் சத்துக் கணக்கு அல்ல

மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அல்புமினிலிருந்துதான் வருகிறது. ஆனால் அல்புமினை "உடலில் புரதம் எவ்வளவு இருக்கிறது" என்ற அளவாக எடுப்பது பழைய பழக்கம். ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் சுமார் 20 நாள். நான்கு நாள் சாப்பிடாததால் அது 38-லிருந்து 29-க்கு விழாது. நிமோனியா வந்தால் ஓரிரு நாளிலேயே விழும். அழற்சியில் ரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து அல்புமின் வெளியே போகிறது, கல்லீரலும் அதைச் செய்வதைக் குறைத்து வேறு புரதங்களைச் செய்யப் போகிறது. எலும்பும் தோலுமாக இருக்கும் இளம் பட்டினி நோயாளிகளுக்குக்கூட அல்புமின் சரியாக இருப்பது உண்டு. அமெரிக்க ஊட்டமளிப்பு மருத்துவச் சங்கமான ஆஸ்பென் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: அல்புமின் அழற்சியின் அடையாளம், ஊட்டச்சத்தின் அளவுகோல் அல்ல.

அப்படியானால் இந்தக் குறியீடு மரணத்தை ஏன் இவ்வளவு நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது? காரணம் அதுவேதான். அழற்சி, கல்லீரல் நெரிசல், சிறுநீரில் புரத இழப்பு, நீர்ப் பெருக்கம், மெலிவு என்று முதியவரைக் கொல்லும் பல விஷயங்கள் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அபாய மணியாக அது நல்ல கருவி. சிகிச்சை இலக்காக வைத்தால் மோசமான கருவி. எண்ணை ஏற்றுவதற்காக அல்புமின் பாட்டில் ஏற்றுவது சத்து கொடுப்பது ஆகாது. பலவீனமான இதயத்துக்கு அது திரவச் சுமை.

மற்றக் குறியீடுகளுக்கும் இப்படிப்பட்ட ஓட்டைகள் உண்டு. கோனட் மதிப்பெண் அல்புமின், கொழுப்பு, லிம்போசைட் என்ற வெள்ளணு மூன்றையும் பார்க்கிறது. இதய நோயாளிகளில் பெரும்பாலோர் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள். மாத்திரையால் குறைந்த கொழுப்பைப் பட்டினியால் குறைந்ததாக அது எண்ணிவிடும். லிம்போசைட்டை வைத்துக் கணக்கிடும் பி.என்.ஐ. குறியீடு ஸ்டீராய்டு எடுப்பவரிடம் தடுமாறும்.

அதனால் ரத்தப் பரிசோதனைக் குறியீட்டோடு, கேட்டும் தொட்டும் பார்க்கும் கருவி ஒன்றும் வேண்டும். என்.ஆர்.எஸ். 2002 முறையில் எடை இழப்பும் உணவுக் குறைவும் சேர்த்து 0 முதல் 3, நோயின் தீவிரத்துக்கு 0 முதல் 3, வயது 70 ஆகிவிட்டால் கூடுதலாக 1. மொத்தம் 3 ஆனால் ஊட்டத் திட்டம் தொடங்க வேண்டும். முதியோருக்கான எம்.என்.ஏ. சுருக்கப் படிவத்தில் 14-க்கு 12-க்குக் கீழே அபாயம், 8-க்குக் கீழே ஊட்டக்குறைவு. பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) பார்க்க முடியாவிட்டால் கெண்டைக்கால் சுற்றளவு 31 செ.மீ.க்குக் கீழா என்று பார்க்கச் சொல்கிறது அந்தப் படிவம். கால் வீங்கியவரிடம் இந்த அளவு பொய் சொல்லும். மேல்கைச் சுற்றளவும் கைப்பிடி வலுவும் பரவாயில்லை. உடலில் மெல்லிய மின்சாரம் செலுத்தித் தசையை அளக்கும் கருவியைப் பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் சாதனம்) வைத்தவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்தக் கருவிகளைத் தயாரிப்பவர்களே எச்சரிப்பது வழக்கம். துடிப்புக் கோளாறு வார்டில் பலருக்கு அந்தக் கருவியைத் தள்ளி வைக்க வேண்டியதுதான்.

மெலிந்த உடம்பில் அதே மாத்திரை

குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் வார்டு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்பது எங்கள் கருத்து: மருந்துச் சீட்டை எடுத்து, எடையைச் சார்ந்த ஒவ்வொரு மருந்தையும் திரும்பக் கணக்கிடுவது.

மேலே சொன்ன 82 வயதுக்காரருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் அபிக்சபான் 5 மி.கி. இருவேளை எழுதியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.5 மி.கி. அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் அளவு 2.5 மி.கி. இருவேளையாகக் குறைய வேண்டும். வீக்கத்தோடு 64 கிலோ இருந்தபோது ஒன்றுதான் பொருந்தியது. 57 கிலோ ஆனதும் இரண்டு பொருந்துகிறது. சேர்ந்த நாள் எடையோடு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினால் அவர் கூடுதல் அளவோடு வீட்டுக்குப் போவார். எதிர்ப்பக்கத் தவறும் சமமாக நடக்கிறது. எடை மட்டும் 55 கிலோ, வயது 74, கிரியேட்டினின் சரி என்றால் குறைந்த அளவுக்கு இடமில்லை. "ஒல்லியாக இருக்கிறாரே" என்று பயந்து பாதியாக்கினால் பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம்.

கிரியேட்டினின் எண்ணே மெலிந்தவரிடம் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தும் 1.0 என்று சாதாரணமாகத் தெரியும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு சுத்திகரிக்கிறது என்று கணிக்கும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில், 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு அதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். நம் நோயாளிக்குக் கிரியேட்டினின் 1.2 என்றால், 64 கிலோவில் நிமிடத்துக்கு 43 மி.லி., 57 கிலோவில் 38 மி.லி. டிகாக்சினைப் பொறுத்தவரை இது பெரிய வித்தியாசம். அந்த மருந்து தசையில் பரவித் தங்குவது, சிறுநீரகம் வழியே வெளியேறுவது. தசையும் குறைந்து சிறுநீரகமும் குறைந்தவருக்கு முன்பு ஒத்துக்கொண்ட மாத்திரையே நஞ்சாகும். பொட்டாசியமும் குறைந்திருந்தால் சோதனையில் அளவு சரியாகத் தெரியும்போதே நச்சு அறிகுறி வரும். பசி போன முதியவரின் சீட்டில் டிகாக்சின் இருந்தால், அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் அதன் அளவைப் பாருங்கள்.

இன்னொரு உறைவுத் தடுப்பு மருந்தான ரிவரோக்சபானின் கதை வேறு. 15, 20 மி.கி. மாத்திரைகளை உணவோடுதான் விழுங்க வேண்டும்; வெறும் வயிற்றில் 20 மி.கி. எடுத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் உடலில் சேரும். இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளுபவருக்கு இந்த மருந்து எழுதினால், தினமும் எவ்வளவு சேர்கிறது என்பது அன்றைய பசியைப் பொறுத்தது. அதே வகையான எடாக்சபானில் எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழே என்பது ஒன்றே அளவை 60-லிருந்து 30 மி.கி. ஆக்கப் போதும். ஜப்பானில் 80 வயதைத் தாண்டி, வழக்கமான அளவு மருந்தைத் தாங்கமாட்டார்கள் என்று கருதப்பட்ட 984 பேரிடம் 15 மி.கி. எடாக்சபான் சோதிக்கப்பட்டது. 45 கிலோவுக்கு மேற்படாத எடையும் சேர்ப்பதற்கான தகுதிகளில் ஒன்று. 2020-ல் வந்த முடிவில் ஆண்டுக்கு நூற்றுக்கு 6.7 ஆக இருந்த பக்கவாதம் 2.3 ஆகக் குறைந்தது. மிக மெலிந்தவருக்கு ரத்த உறைவுத் தடுப்பு வேண்டவே வேண்டாம் என்று கைவிடுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

பழைய உறைவுத் தடுப்பான வார்ஃபரின் ஏறக்குறைய முழுவதுமாக அல்புமினோடு ஒட்டி ஓடும் மருந்து. உணவு குறைந்தால், ரத்தம் உறைய வேண்டிய வைட்டமின் கே வரத்தும் குறையும். 2-க்கும் 3-க்கும் இடையில் நிலையாக இருந்த ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவீடு) ஒரே வாரத்தில் 5-ஐத் தாண்டுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆண்டிபயாட்டிக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மறுபக்கம், குழாய் வழி உணவிலும் சத்து பானத்திலும் வைட்டமின் கே இருப்பதால் அவற்றைத் தொடங்கிய சில நாளில் ஐ.என்.ஆர். கீழே இறங்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: உணவு மாறிய வாரத்தில் இரண்டு மூன்று முறை ஐ.என்.ஆர். பார்ப்பது. கீரையை அறவே நிறுத்தச் சொல்வது தீர்வல்ல. ஒரே அளவாகச் சாப்பிட்டால் மாத்திரையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். சரி, வார்ஃபரின் தொல்லை என்று உடனே புதிய மருந்துக்கு மாற்றிவிடலாமா? நெதர்லாந்தில் 75 வயதைத் தாண்டிய, உடல் நலிந்த, பழைய மருந்தில் நிலையாக இருந்தவர்களை மாற்றிப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு 9.4 சதவீதத்திலிருந்து 15.3 சதவீதமாக ஏறியது. 2023-ல் வெளியான இந்த ஆய்வு, நிலையாக இருப்பவரை அவசியமின்றித் தொடாதே என்கிறது.

உணவு கொடுத்தால் உயிர் பிழைக்கிறார்களா?

வார்டில் நடந்த நல்ல சோதனைகள் உண்டு; ஆனால் எதுவும் துடிப்புக் கோளாறு நோயாளிகளை மட்டும் எடுத்துச் செய்ததல்ல. 2019-ல் சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊட்ட அபாய நோயாளிகளுக்கு, சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தனித்தனி உணவுத் திட்டம் தொடங்கிப் பார்த்தார்கள். முப்பது நாளில் இறப்பு 9.9 சதவீதத்திலிருந்து 7.2 ஆனது. அதே சோதனையில் நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள 645 பேரைத் தனியே பார்த்தால் 14.8-லிருந்து 8.4. இதயச் செயலிழப்புக்காரர்களில் பலருக்கு ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனும் இருக்கும் என்பதால் இந்த எண் நம் வார்டுக்கு மிக நெருக்கமானது. ஸ்பெயினில் ஊட்டக்குறைவோடு சேர்ந்த 120 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த சிறிய சோதனையிலும், இறப்பும் மறுசேர்க்கையும் சேர்ந்த எண்ணிக்கை ஓராண்டில் பாதிக்கும் கீழே வந்தது. ஆனால் 2016-ன் இன்னொரு பெரிய சோதனையில், புரதம் மிகுந்த சத்து பானம் 90 நாள் இறப்பை 9.7-லிருந்து 4.8 சதவீதமாகக் குறைத்தும், இறப்பும் மறுசேர்க்கையும் சேர்ந்த முதன்மை அளவீட்டில் வித்தியாசம் காணவில்லை.

சுவிஸ் சோதனையின் இன்னொரு பகுப்பாய்வு அதிகம் பேசப்படாதது, ஆனால் நமக்கு முக்கியமானது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 100-ஐத் தாண்டியிருந்தவர்களுக்கு உணவுத் திட்டத்தால் பலன் தெரியவில்லை. அல்புமின் 26, சி.ஆர்.பி. 140 என்று வருபவருக்கு முதல் வேலை தொற்றைத் தேடி அடக்குவது. அல்புமின் 34, சி.ஆர்.பி. 8, ஆறு மாதத்தில் எட்டு கிலோ இழப்பு என்று வருபவருக்குத்தான் உணவு முதல் மருந்து. இருவருக்கும் குறியீட்டு எண் அருகருகே நிற்கக்கூடும்.

தட்டில் என்ன, எவ்வளவு, எவ்வளவு வேகமாக

பொதுவான இலக்கு கிலோவுக்கு 30 கிலோகலோரி, புரதம் குறைந்தது 1 கிராம். நோயுற்ற முதியவருக்கு 1.2 முதல் 1.5 கிராம். அடிப்படை எடை 57 கிலோ என்றால் சுமார் 1,700 கிலோகலோரி, 70 முதல் 85 கிராம் புரதம். இதை மூன்று வேளைத் தட்டில் முடிப்பது வீங்கிய குடலுக்கு நடக்காத காரியம். ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். சத்து பானம் நாளைக்கு 400 கிலோகலோரியும் 30 கிராம் புரதமும் தருமளவு வேண்டும். சாப்பாட்டுக்கு முன் கொடுத்தால் அதுவே பசியை அடைத்துவிடும். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் தண்ணீருக்குப் பதிலாக 60 மி.லி. செறிவான பானம், நாளைக்கு நான்கு முறை, மி.லி.க்கு 2 கிலோகலோரி உள்ள பானமென்றால் 480 கிலோகலோரி சேர்ந்துவிடும். திரவக் கட்டுப்பாடு உள்ளவருக்கும் இது பொருந்தும். உணவோடு சேர வேண்டிய மாத்திரைகளை மட்டும் தட்டோடு வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் இருந்தால் பானத்தின் பொட்டாசியம் அளவை லேபிளில் பார்க்க வேண்டும்.

வார்டே உருவாக்கும் பட்டினியும் உண்டு. உணவுக்குழாய் வழி எக்கோ, மின் அதிர்ச்சி, அப்ளேஷன் (கோளாறைக் கிளப்பும் இதயத் திசுவை அழிக்கும் சிகிச்சை) ஆகியவற்றுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்பது காகிதத்தில் இருக்கும். நள்ளிரவு முதல் நிறுத்தி, மாலை மூன்று மணிக்குப் பட்டியலிலிருந்து பெயர் தள்ளிப்போனால் பதினைந்து மணி நேரப் பட்டினி. மறுநாளும் அதுவே. எண்பது வயதுக்காரரைப் பட்டியலில் முதலாவதாக வைப்பது செலவில்லாத சிகிச்சை.

உப்புக் கட்டுப்பாடும் அப்படித்தான். சோடியத்தை 1,500 மி.கி.க்குக் கீழே இறக்கும் கடும் கட்டுப்பாட்டை 2022-ல் ஒரு பெரிய சோதனை இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் பார்த்தது. இறப்பும் அவசரச் சேர்க்கையும் சேர்ந்த எண்ணிக்கையில் தெளிவான குறைவு இல்லை. சப்பென்ற உணவைத் தொடாமல் திருப்பி அனுப்பும் மெலிந்த முதியவருக்கு மிதமான உப்போடு முழுத் தட்டு உள்ளே போவது மேல்.

வேகம் கூடினால் ஆபத்து. பத்து நாளாக ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர், பி.எம்.ஐ. 16-க்குக் கீழே உள்ளவர், மூன்று முதல் ஆறு மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர், ஏற்கனவே பொட்டாசியமோ பாஸ்பேட்டோ மெக்னீசியமோ குறைந்தவர் ஆகியோருக்குத் திடீரென முழு உணவு கொடுத்தால் இன்சுலின் ஏறி, இந்த மூன்றும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் பாய்ந்துவிடும். துடிப்புக் கோளாறு உள்ள இதயத்துக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி இத்தகையவருக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேற்படாமல் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாளில் முழு அளவை எட்டச் சொல்கிறது. மிக மோசமானவருக்கு 5 கிலோகலோரி, தொடர்ச்சியான இசிஜி கண்காணிப்போடு. முதல் கரண்டிக்கு முன்பே தயாமின் தொடங்கி, நாளைக்கு 200 முதல் 300 மி.கி. வரை பத்து நாள் தொடர வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலும் உணவுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். தயாமின் இல்லாமல் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவதும் இதே விபத்தை உண்டாக்கும். முதல் ஐந்து நாள் பாஸ்பேட்டைத் தினமும் பார்க்க வேண்டும். வழக்கமான எலக்ட்ரோலைட் பரிசோதனையில் அது பெரும்பாலும் வராது. தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

மூக்குவழிக் குழாய் வைத்தவருக்கு டாபிகட்ரான் கேப்சூலைத் திறந்து கொட்டக் கூடாது; உடலில் சேரும் அளவு எக்கச்சக்கமாக ஏறிவிடும். அபிக்சபானையும் ரிவரோக்சபானையும் பொடித்துக் கொடுக்கலாம். ஆனால் ரிவரோக்சபானுக்குக் குழாயின் முனை இரைப்பையில் இருக்க வேண்டும். சிறுகுடலில் இருந்தால் உறிஞ்சப்படும் அளவு குறையும்.

குண்டானவருக்கும் குறையும்

ஆஸ்திரேலியாவில் 2015-ல் வந்த லெகசி ஆய்வு, பருத்த உடல் கொண்ட ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் நோயாளிகள் எடையில் 10 சதவீதம் குறைத்தால் துடிப்பு நன்றாகக் கட்டுப்படுகிறது என்று காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் அது பி.எம்.ஐ. 27 அல்லது அதற்கு மேல் இருந்து, வெளிநோயாளிகளாக, திட்டமிட்டு இளைத்தவர்களைப் பற்றியது. வார்டில் படுத்திருக்கும் 80 வயதுக்காரர் பருமனாகத் தெரிந்தாலும், தானாக ஐந்து கிலோ இறங்கியிருந்தால் கரைந்ததில் பெரும்பங்கு தசை. எடை உகந்த அளவைத் தாண்டும்போது ஜி.என்.ஆர்.ஐ. விகிதத்தை 1-இல் நிறுத்திவிடுவதால் இந்த இழப்பு அதன் கண்ணில் படாது. இவரைக் "கொஞ்சம் இளைத்தது நல்லதுதான்" என்று வாழ்த்தி அனுப்பக் கூடாது. கைப்பிடி வலு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழும் நேரம் ஆகிய இரண்டும் போதும், உண்மை தெரியும்.

வீட்டார் நல்லெண்ணத்தோடு வாங்கித் தரும் மீன் எண்ணெய் மாத்திரையையும் இங்கே சொல்லிவிடலாம். அதிக அளவு ஒமேகா-3 கொடுத்த பெரிய சோதனைகளில் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் கூடியிருக்கிறது. மெலிவுக்கு மருந்தாக அதைத் தொடர வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில்

சத்து பானத்தை வார்டோடு நிறுத்தினால் பலன் நிலைக்காது. குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். சீட்டில் நீர் இறங்கிய பின் எடுத்த எடையும் தேதியும், அந்த எடைக்குக் கணக்கிட்ட மருந்தளவும், கடைசிப் பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின் அளவுகளும் இருக்க வேண்டும். வீட்டில் தினமும் காலை எடை பார்க்கச் சொல்லும்போது இரண்டு எல்லைகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர். உடனே அழைக்க வேண்டும். ஒரு மாதத்தில் இரண்டு கிலோ இறங்கினால் பெரும்பாலும் அது சதை. அதற்கும் அழைக்க வேண்டும். வழக்கமாக முதல் எல்லையை மட்டும்தான் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டாவதைக் காட்டிக்கொண்டு நோயாளி திரும்பி வந்தால் அந்த எடையில் மருந்துகளை எல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும், டிகாக்சினில் தொடங்கி.